ஹேவ் போடுறதா, சும்மா பாஸ்ட் போடுறதா? இங்கிலிஸ் சோதினை எழுதுற ஓஎல் பிள்ளையளுக்கு

ரியூசன்ல எல்லாரும் ஒரு லிஸ்ட் பாடமாக்கித்தான் வாறோம், ஜஸ்ட், ஓல்ரெடி, யெட், சின்ஸ், ஃபோர் கண்டா ஹேவ் (பிரசன்ட் பெர்ஃபெக்ட், ஹேவ் இல்லாட்டி ஹேஸ்) போடு, யெஸ்டர்டே, லாஸ்ட், அகோ கண்டா பாஸ்ட் போடு எண்டு. அகோவும் யெஸ்டர்டேயும் சொன்ன மாதிரியே நடக்கும், பிரச்சினை இல்ல. ஆனா ஃபோரை மட்டும் நம்பாதீங்க. 'மை அங்கிள் ஹேஸ் லிவ்ட் இன் நிலாவெளி ஃபோர் டென் இயர்ஸ்' எண்டா மாமா இப்பவும் நிலாவெளியிலதான் இருக்கிறார், அந்த ஹேஸ எடுத்துட்டு வெறும் லிவ்ட் எண்டு எழுதினா ஆள் இப்ப அங்க இல்ல, கனடாவுக்கும் போயிருக்கலாம், மோசம் போயும் இருக்கலாம். ரெண்டு வசனத்திலயும் அதே ஃபோர்தான்.

அதனால நான் சொல்லைத் தேடுறத விட்டுட்டு, அந்த நேரம் முடிஞ்சுதா எண்டுதான் பாப்பன். திஸ் மோர்னிங்க எடுங்க. காலையில பத்து மணிக்குக் கதைக்கிறீங்க எண்டா 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மோர்னிங்', பின்னேரம் கதைச்சா காலை முடிஞ்சுபோச்சு, 'ஐ சோ ஹிம் திஸ் மோர்னிங்'. வருசமும் அப்பிடித்தான், கிண்ணியா பாலம் திறந்தது 2009ல, அப்ப 'தே ஓப்பன்ட் த பிரிட்ஜ் இன் 2009', அதே வருசத்துக்கு முன்னால சின்ஸ் வந்தா இண்டைக்கு வரைக்கும் இழுபடும், 'வீ ஹேவ் யூஸ்ட் த பிரிட்ஜ் சின்ஸ் 2009'. பாலத்துக்கு முந்தி ஃபெரியில போனது முழுக்க பாஸ்ட்.

நேரமே சொல்லாட்டி, அனுபவத்த மட்டும் கேட்டா ஹேவ். 'ஹேவ் யூ எவர் பீன் டு பிஜன் ஐலண்ட்?' 'யெஸ், ஐ ஹேவ். ஐ வென்ட் தேர் லாஸ்ட் ஏப்ரல், வீ சோ சம் ஸ்மோல் ஷார்க்ஸ்.' எப்ப எண்டு வந்த உடனே பாஸ்டுக்கு மாறி, பிறகு அந்தக் கதை முழுக்க பாஸ்ட்லயே போகுது பாருங்க. எஸ்ஸேல கன பிள்ளையள் மார்க்ஸ் விடுறது இந்த இடத்திலதான், முதல் வரியில ஹேவ் போட்டதுக்காக கடைசி வரைக்கும் ஹேவ் ஹேவ் எண்டு இழுக்கிறது. வென் எண்டு தொடங்குற கேள்விக்கும் இதே கதை, 'வென் டிட் யூ ஃபினிஷ்', ஹேவ் வராது.

நாங்க தமிழ்ல 'போன வருசம் அங்க போயிருக்கிறன்' எண்டு தாராளமா சொல்லலாம். அத அப்பிடியே 'ஐ ஹேவ் கோன் தேர் லாஸ்ட் இயர்' எண்டு எழுதினா ரெண்டு பிழை. லாஸ்ட் இயரோட ஹேவ் சேராது, அதோட கோன் எண்டா போன ஆள் இன்னும் திரும்பேல்ல. 'ஃபாதர் ஹேஸ் கோன் டு கலம்போ' எண்டா அப்பா கொழும்பிலயோ ட்ரெயின்லயோ இருக்கிறார், 'ஹேஸ் பீன்' எண்டா போய் வந்துட்டார்.

இன்னொண்டு, அமெரிக்கப் படங்கள்ல 'டிட் யூ ஈட் யெட்?' எண்டு கேப்பாங்க. அவங்களுக்கு அது சரிதான், எங்கட பேப்பர்ல 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' எண்டே எழுதுங்க.