செர்கேய் பெலோவ்: ஆட்டக்காரரும் பயிற்சியாளரும்

செப்டம்பர் 10, 2024

1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தின் பதிவை இன்று முழுமையாகப் பார்த்தேன். சோவியத் அணி அமெரிக்காவை 51-50 என்று வென்ற அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் கடைசி மூன்று வினாடிகளையும், பந்தைக் கூடைக்குள் சேர்த்த அலெக்சாண்டர் பெலோவையுமே நினைவுகூர்கிறார்கள். ஆனால், அந்தக் கட்டம் வரை அணியைத் தாங்கி நின்று 20 புள்ளிகள் எடுத்தவர் செர்கேய் பெலோவ்; பெயர் ஒற்றுமை தவிர இருவருக்கும் உறவில்லை. ஓடிவந்து, சட்டென நின்று, நேராக மேலெழும்பி அவர் பந்தை எறிகிற அழகுக்காகவே இப்பதிவை எத்தனை முறையும் பார்க்கலாம்.

செப்டம்பர் 14

அவர் பயிற்சியாளரானது ஆட்டத்தை விட்ட பிறகு அன்று. 1971இல் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் கோமெல்ஸ்கி வர இயலாதபோது, மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியை ஆடிக்கொண்டே வழிநடத்தி, இத்தாலியின் வரேசே அணியை வீழ்த்தினார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் சுடரை ஏற்றியவரும் அவரே. 1992இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைப் போற்றும் அமெரிக்காவின் நெய்ஸ்மித் புகழ்க்கூடம், வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் முதலாவதாக அவரைச் சேர்த்துக்கொண்டது.

செப்டம்பர் 22

இன்று முழுவதும் 1993 முதல் 1998 வரை அவர் பொறுப்பேற்றிருந்த ரஷ்ய தேசிய அணியைப் பற்றிப் படித்தேன். 1988 சியோலில் சோவியத் யூனியனுக்குத் தங்கம் பெற்றுத்தந்த சபோனிஸ், மார்சியுலியோனிஸ் முதலியோர் லித்துவேனியர்கள். நாடு பிரிந்தபோது அவர்களும் பிரிந்துபோனார்கள். எஞ்சியவர்களைக் கொண்டு பெலோவ் 1994இல் டொராண்டோவிலும் 1998இல் ஏதென்ஸிலும் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றார். முதல் முறை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்காவிடம் 137-91 என்று பெருந்தோல்வி. இரண்டாம் முறை அரையிறுதியில் அமெரிக்காவை 66-64 என்று வென்று, இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 64-62 என்று தோற்றது ரஷ்யா. ஆட்டக்காரர்களுடனான ஒப்பந்தத் தகராறில் என்.பி.ஏ. அணி உரிமையாளர்கள் அறிவித்த கதவடைப்பால் அமெரிக்க அணியில் அந்த ஆண்டு நட்சத்திரங்கள் இல்லை என்பது உண்மையே. ஆயினும், இரண்டே புள்ளிகளில் உலகப் பட்டம் நழுவிய அணியை அதைச் சொல்லிக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. இடையில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு ரஷ்யா தகுதி பெறாததையும், மறு ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வென்றதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், சரிந்த அணியை அவர் தூக்கி நிறுத்திய திறமை விளங்குகிறது.

அக்டோபர் 1

தேசிய அணியை விட்டபின் அவர் போய்ச் சேர்ந்த இடம் மாஸ்கோ அன்று. யூரல் மலையடிவாரத்துப் பெர்ம் நகரம். 1992 முதல் ரஷ்யப் பட்டத்தை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து சி.எஸ்.கே.ஏ. மட்டுமே வென்றுவந்தது. அந்த வரிசையை 2001இல் முறித்து, 2002இலும் பட்டத்தைக் காத்துக்கொண்டது அவருடைய யூரல் கிரேட் அணி. தாம் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற கழகத்தின் ஏகபோகத்தை, தலைநகருக்கு வெளியே ஓர் அணியை வளர்த்தெடுத்து அவரே முடித்துவைத்ததனால், உலகப் போட்டியின் இரு வெள்ளிகளுக்கும் மேலாக இவ்விரு பட்டங்களையே நான் மதிக்கிறேன்.