மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்: தீவிர நோயாளியைக் கவனிக்க மாணவியரைப் பழக்கிய அனுபவம்

வடசென்னையில் செவிலியர் பட்டயப் படிப்பு மாணவியரை வார்டுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்களில் பலர் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். தங்கள் வீட்டில் பட்டயம் வரை படிக்க வந்த முதல் ஆள். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற கைவேலைகளை அவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்குவதை அது வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே கண்டுகொள்வது அவர்களுக்கும் கடினம், அதைக் கற்றுக்கொடுக்கும் நமக்கும் கடினம். இந்த ஆண்டு முதன்முறையாக மாணவியருடன் வார்டுக்குப் போகவிருக்கும் ஆசிரியைகள் சிலர் எதிலிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். மூச்சிலிருந்து தொடங்குங்கள் என்றேன். அப்படிச் சொல்வதற்குக் காரணம் நான் படிக்கும்போது செய்த ஒரு தவறு.

இரண்டாம் ஆண்டில், ஒரு மழைக்கால இரவுப் பணியில், டெங்குக் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருந்த ஓர் இளைஞர் என் கவனிப்பில் இருந்தார். அன்று காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். இரவு 10 மணிக்குப் பார்த்தபோது உடல் வெப்பம் 98.6 டிகிரிக்கு இறங்கியிருந்தது. நாடித்துடிப்பு 112, இரத்த அழுத்தம் 100/84. மூச்சுக்கான கட்டத்தில், முந்தைய வேளைகளில் எழுதியிருந்ததைப் பார்த்து, எண்ணாமலே 20 என்று எழுதினேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவருடைய அம்மாவிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். "காய்ச்சல் விட்டாலும் பையன் ஒரு மாதிரியா இருக்காம்மா, புரண்டு புரண்டு படுக்கிறான்" என்றார் அவர். களைப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அரை மணி நேரம் கழித்துச் சுற்றிவந்த மூத்த சிஸ்டர் அந்த இளைஞரின் கையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அங்கேயே நின்றார். மூச்சு 26. உடனே டியூட்டி டாக்டரை வரவழைத்து, திரவம் ஏற்றி, விடியும்வரை பக்கத்திலேயே இருந்து அவரைக் காப்பாற்றினார்கள்.

டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்பது பாடத்தில் இருந்தது, தேர்வில் எழுதவும் செய்தேன். அந்தக் கட்டத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதால், மேல் அழுத்தம் சிறிது நேரம் தாக்குப்பிடித்து நிற்க, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். அது 20 அல்லது அதற்கும் குறைவாக ஆகிவிட்டால், உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை (ஷாக்) நெருங்கிவிட்டது என்று பொருள். அன்று என் கையாலேயே எழுதிய 100/84இல் இடைவெளி 16. மேலே உள்ள 100ஐ மட்டும் பார்த்துவிட்டு நான் நிம்மதி அடைந்திருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய, நாடி, மூச்சு, அழுத்தம் போன்றவை இயல்பிலிருந்து எவ்வளவு விலகுகின்றனவோ அதற்கேற்ப மதிப்பெண் தரும் முன்னெச்சரிக்கை அட்டவணையை வைத்து அந்த இரவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாடி 112க்கு 2, மேல் அழுத்தம் 100க்கு 2. மூச்சு 20 என்றால் 0. மற்றவை இயல்பு என்று கொண்டால் மொத்தம் 4. மூச்சு 26 என்றால் அதற்கு மட்டும் 3, மொத்தம் 7. அந்த அட்டவணையில் 5 வந்தாலே மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும், 7 என்பது அவசர நிலை. நான் எண்ணாமல் எழுதிய ஒரே ஓர் எண், அவசர நிலையில் இருந்தவரைக் காத்திருக்கக்கூடியவர் போல் காட்டிவிட்டது. நீங்கள் போகும் வார்டில் அந்த அட்டவணை புழக்கத்தில் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். உபதேசத்தைவிட அது மாணவியர் மனதில் ஆழமாகப் பதிகிறது.

முதல் நாள் பயிற்சியாக நான் செய்வது இதுதான். பரிசோதனைக்கு நோயாளியின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு ஆறு மாணவியரை ஒரே படுக்கையைச் சுற்றி நிறுத்துகிறேன். ஒருத்தி நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்திருக்க, எல்லோரும் வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணி, பேசாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். மூச்சைத்தான் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் எந்த மனிதரும் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது. சீட்டுகளைப் பிரித்தால் ஒரே நோயாளிக்கு 18, 20, 20, 24, 26, 27 என்று வரும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கியவள் ஒரு மூச்சைத் தவறவிட்டால் விடையில் நான்கு குறைந்துவிடும் என்பதை அங்கேயே விளங்கவைக்கலாம். 20 என்று எழுதியவர்களிடம் எப்படி எண்ணினீர்கள் என்று மென்மையாகக் கேளுங்கள். மற்றவர் முன்னால் யாரையும் கூனிக்குறுக வைக்க வேண்டாம். அந்த இடத்தில்தான் என் டெங்கு இரவை அவர்களுக்குச் சொல்கிறேன்.

அடுத்தது, கருவியைத் தொடுவதற்கு முன் படுக்கையின் கால்மாட்டில் அரை நிமிடம் நின்று பார்ப்பது. முகம் வியர்த்திருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? பிறகு, "தாத்தா, காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கச் சொல்கிறேன். "ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா, சட்னி காரம்" என்று ஒரே மூச்சில் சொல்பவரும், "ரெண்டு… இட்லி… ம்மா" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்குபவரும் ஒரே நிலையில் இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே சுவாசப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு போதுமா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்துவிடும்.

உடனிருப்பவர்களின் சொற்களையும் பரிசோதனை முடிவுகளுக்கு இணையாகக் குறிக்கப் பழக்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிய முதியவர்கள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நோயையும் தங்கள் சொற்களிலேயே சொல்வார்கள். "ஒரு மாதிரியா இருக்காரு", "என்னமோ ஒளர்றாரு", "நேத்திலேர்ந்து ஒண்ணுக்கே போகல" என்பவை குழப்பத்தையும் சிறுநீர் குறைவதையும் சொல்லும் முதல் அறிவிப்புகள். எங்கள் மாணவியருக்கு அந்தப் பேச்சு வீட்டுப் பேச்சு என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள் என்று அவர்களிடமே சொல்கிறேன்.

ஆக்சிஜன் குறித்துத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பல ஆண்டுகள் பீடி குடித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளான ஒருவர் திணறும்போது, விரலில் மாட்டிய கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 89 சதவீதம் என்று காட்டினால், இரக்கத்தால் ஆக்சிஜனை முழுவதுமாகத் திறந்துவிடவே மாணவியின் கை போகும். அத்தகைய நோயாளிகளில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்பதே இலக்கு; அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு இரத்தத்தில் கூடி அவர் மெல்ல மயக்கத்தில் ஆழலாம். எண் 98 ஆகிவிட்டது, நன்றாகத் தூங்குகிறார் என்று ஒரு மாணவி சொன்னால், உடனே அவரை எழுப்பிப் பாருங்கள்.

கண்டதைச் சொல்ல வைப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். சிஸ்டர் திட்டுவார், ஆங்கிலத்தில் சொல்ல வராது என்ற இரண்டு பயங்களால் சரியாகக் கண்டுபிடித்ததையும் மனதிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, தேவை என்ற நான்கு படிகளில் சொல்லும் முறையை முதலில் தமிழிலேயே பழக்குகிறேன்: "சிஸ்டர், பெட் 14இல் இருப்பவருக்கு மூச்சு 28. நேற்று நிமோனியா என்று சேர்க்கப்பட்டவர். காலையில் 20 இருந்தது, இப்போது பேச்சும் குழறுகிறது. நிலை மோசமாகிறது என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தை விழுங்காமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறேன். வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசி, மாணவி தவறாக எச்சரித்தாலும் முதலில் நன்றி சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறைத் தேர்வைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: நினைவிழந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பலர் இரத்த அழுத்தக் கருவியைத் தேடிப் போகிறார்கள். உதவிக்குக் குரல் கொடுத்து, சுவாசப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையில் சென்று, இரத்தச் சர்க்கரையையும் மறக்காமல் பார்ப்பேன் என்று சொல்பவள் தேர்வாளர் முன்னும் வார்டிலும் தடுமாற மாட்டாள்.

எவ்வளவு கவனித்தாலும் சிலர் இறந்துவிடுவார்கள், அது சில மாணவியருக்கு வாழ்வில் முதலில் காணும் மரணமாக இருக்கும். அன்று பணி முடிந்ததும் அவளைத் தனியாகப் பேருந்து ஏற அனுப்பாதீர்கள். மாடிப்படி ஓரத்திலாவது பத்து நிமிடம் உட்காரவைத்து, அழுதால் அழவிட்டு, நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொல்லுங்கள்; எந்த இடத்தில் என்ன செய்தாள், எது யார் கையிலும் இல்லை என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். விடுதியில் இருப்பவள் என்றால் வார்டனிடமும், வீட்டிலிருந்து வருபவள் என்றால் அவள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் அதே வார்டில் வேறொரு படுக்கையை அவளுக்குக் கொடுத்து, முதல் நோயாளியின் மூச்சை அவளோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள்.