செய்தியில் எழுவாய் எங்கே நிற்கிறது: குமுளி நாட்குறிப்பு

2025 நவம்பர் 4, செவ்வாய்

எங்கள் ஊர் வாசகசாலைக்கு கேரள-தமிழக எல்லையின் இரு பக்கத்து நாளிதழ்களும் வருகின்றன. மழைக்காலத்தில் அவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு முல்லைப் பெரியாறு ஓர் அணையாகத் தோன்றாது, இரண்டாகத் தோன்றும். மலையாள ஏடுகளில் அணையின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் அதன் வயது வந்து நிற்கிறது. தமிழ் ஏடுகளிலோ தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் வந்து நிற்கின்றன. அணை 1895இல் திறக்கப்பட்டது என்பதும் உண்மை, அந்த ஐந்து மாவட்டங்கள் அதன் நீரை நம்பியிருக்கின்றன என்பதும் உண்மை. நீர்மட்ட வரம்பாக உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்த 142 அடி என்ற ஒரே எண், ஒரு பக்கத்தில் 'அபாயத்தை நெருங்குகிறது' என்றும், மறுபக்கத்தில் 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்றும் தலைப்பாகிவிடுகிறது. எவரும் பொய் சொல்லவில்லை. எந்த உண்மையை எதன் அருகில் வைப்பது என்பதில்தான் சாய்வு இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மாநிலச் சாய்வு எளிதில் பிடிபடும். ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் கட்சிச் சாய்வு இன்னும் நுட்பமானது, அது பெரும்பாலும் இலக்கணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மறியல் ஒன்றைப் பற்றி எழுதும்போது 'போலீஸார் தடியடி நடத்தினர்' என்று ஓர் ஏடு எழுதுகிறது; 'மறியலில் ஈடுபட்டவர்கள் கலைக்கப்பட்டனர்' என்கிறது இன்னொன்று; மூன்றாவது 'தள்ளுமுள்ளு ஏற்பட்டது' என்று முடித்துக்கொள்கிறது. முதல் வாக்கியத்தில் அடித்தவர் எழுவாயாக நிற்கிறார். இரண்டாவதில் செயப்பாட்டுவினை அவரை மறைத்துவிடுகிறது. மூன்றாவதில் அடித்தவரும் இல்லை, அடிபட்டவரும் இல்லை. மழை பெய்வதைப் போல ஏதோ தானாக நிகழ்ந்துவிட்டது. அந்த ஏடு ஆதரிக்கும் கட்சி ஆட்சியில் இருக்கிறதா, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, அதே ஏட்டிலேயே முதல் வாக்கியம் மூன்றாவதாக மாறுவதை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். இது என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் இங்கே மறைந்துபோவது ஒரு சொல் மட்டுமன்று, பொறுப்பும்தான்.

'கூறினார்' என்ற சாதுவான வினைச்சொல்லுக்கும் இதே கதிதான். நம்மவர் விளக்கமளிக்கிறார், எதிரணியினர் மழுப்புகிறார். நம்மவர் சூளுரைக்கிறார், எதிரணியினர் மிரட்டல் விடுக்கிறார். மேடையில் இருவரும் பேசியது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பர், கட்சி ஏடுகளை வாசகசாலையில் வாங்குவதே வீண் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1942இல் கருணாநிதி தொடங்கிய முரசொலியையோ, மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரையோ தேசாபிமானியையோ, முஸ்லிம் லீக்கின் சந்திரிகாவையோ கையில் எடுப்பவருக்கு, அது யாருடைய குரல் என்பது முன்பே தெரியும். 'அலைகடலெனத் திரண்ட' என்ற தொடரைப் படித்ததும் மனம் தானாகவே கூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் ஏட்டிடம் வாசகர் அப்படி விழிப்பாக இருப்பதில்லை. அங்கே குற்றச்சாட்டு முதல் பத்தியிலும் மறுப்பு கடைசிப் பத்தியிலும் இருக்கும். இடமில்லாதபோது முதலில் வெட்டப்படுவதும் அந்தக் கடைசிப் பத்திதான். 'கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியத்தில் கூறியவர் யார் என்று நான் விடாமல் தேடுகிறேன், பல நேரங்களில் அவர் கட்டுரையில் எங்குமே இல்லை.

நவம்பர் 12, புதன்

கட்சிகளின் சொல்லாட்சி திணறியதை நான் நேரில் கண்டது 2015 செப்டம்பரில், எங்கள் இடுக்கி மாவட்டத்து மூணாறில். தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், எல்லாக் கட்சித் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். 'தலைவர் தலைமையில் தொழிலாளர்கள்' என்று எழுதியே பழகிய கைகளுக்கு இங்கே தலைவர் கிடைக்கவில்லை. பெண்களையே எழுவாயாக வைத்து எழுத வேண்டியிருந்தது. அவர்களை யார் தூண்டிவிட்டார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. எழுவாய் இடத்தில் அந்தப் பெண்களை வைக்க மனமில்லாததன் அடையாளமாகவே நான் அதைக் கண்டேன்.

பிறகு நடந்த கூலிப் பேச்சில் 232 ரூபாய் நாட்கூலி 301 ஆயிற்று. கேட்டது 500. '69 ரூபாய் உயர்வு' என்றும் எழுதலாம், 'கேட்டதைவிட 199 ரூபாய் குறைவு' என்றும் எழுதலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சங்கங்களின் பக்கம் சாய்ந்தவருக்கு முதல் கணக்கே போதும். கொளுந்து பறித்த பெண்களுக்கு இரண்டையும் ஒரே செய்தியில் படிக்கும் உரிமை இருந்தது. வாசகசாலைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பழைய நறுக்குகளைக் கொடுத்து, இந்த இரு எண்களையும் சேர்த்து அந்தச் செய்தியைப் புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.