பத்து நிமிடம் நீ, பத்து நிமிடம் நான்

ஜூலை 2
நான் அலுவலக அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒன்பதாம் வகுப்பு லீடர் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' பட்டியலை முடித்திருந்தான். வழக்கம்போல் காசிமேட்டுப் பையன்தான் முதலில். பெயருக்குப் பக்கத்தில் நான்கு பெருக்கல் குறி. அவன் பேசியதைவிட, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை ஜன்னல் வழியே எண்ணியதுதான் அதிகம். நோட்டில் காரணிப்படுத்தும் கணக்கு இரண்டு வரி, அதற்குக் கீழே ஒரு லாரி. சக்கரங்களை மட்டும் ஒன்று விடாமல் போட்டிருக்கிறான்.

ஜூலை 4
அவனுடைய அம்மா வந்தார். மருத்துவர் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே உண்டா, பள்ளியில் மட்டுமா வீட்டிலுமா என்று துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாராம். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், "நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்" என்றார். தேநீரை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஹெச்டி தனிப் பெயரோடு இல்லை.

ஜூலை 10
முதல் மதிப்பெண் வாங்குகிறவனை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, "பார்த்துக்கொள்" என்றேன். பார்த்துக்கொள்ளச் சொன்னால் கங்காணி ஆகிவிட்டான். "சார், எழுதவில்லை சார். சார், வெளியே பார்க்கிறான் சார்." மூன்றாம் நாள் இவன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். நான் அவனாக இருந்திருந்தால் முதல் நாளே போயிருப்பேன்.

ஜூலை 14
அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1980களில் உருவான முறையைப் படித்தேன். முழு வகுப்பையும் ஜோடி ஜோடியாகப் பிரிக்கிறார்கள். ஒருவன் கேட்பான், மற்றவன் விடை சொல்வான். பத்து நிமிடத்தில் இடம் மாறும். சரியான விடைக்கு இரண்டு புள்ளி. தவறினால், திருத்தி மூன்று முறை எழுதினால் ஒன்று. ஏடிஹெச்டி உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 18 பேரிடம் செய்து பார்த்து 1998இல் எழுதியிருக்கிறார்கள். பாடத்தில் கவனம் கூடியிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு மீசை அரும்பிவிட்டது, பார்ப்போம். எனக்குப் பிடித்தது அந்த இடமாற்றம்: இவனும் கேட்கிறவன் ஆவான்.

ஜூலை 18
பழைய காலண்டர் அட்டையை வெட்டி முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் விடை. காசிமேட்டான் அதைச் சீட்டாட்டக்காரன்போல நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். முதல் மதிப்பெண்காரன் கழித்தல் குறியை விட்டுவிட்டான்.
"தெரியும்டா, மறந்துவிட்டேன். இரண்டு போடு."
"மூன்று முறை எழுது. ஒன்றுதான்."
அவன் எழுதி முடிக்கும்வரை காசிமேட்டான் பேனா முனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எத்தனை லாரி போனதோ!
இடம் மாறியதும் ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தான். கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியது. மற்றவன் வாய் திறக்காமல் அட்டையால் பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். திரும்பிவிட்டான். இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் இல்லை.

ஜூலை 25
காசிமேட்டான் இன்று நோட்டு கொண்டுவரவில்லை. இந்த வாரம் இரண்டாவது முறை. ஜோடி வேலை செய்கிறதே, மாத்திரையை நிறுத்தலாமா என்று அம்மா கேட்டார். அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

வகுப்பு முடிந்து பார்த்தால் கரும்பலகை ஓரத்தில் புதுத் தலைப்பு: 'பேசாதவர்கள்'. கீழே ஒரே பெயர், லீடருடையது. 41 பேர் வகுப்பு. ஜோடி பிரித்தபோது அவனைச் சும்மா சுற்றி வரச் சொல்லியிருந்தேன்.