என் ஓட்டு கிமுராவுக்கு

நிஜச் சண்டையில் யார் பெரிய ஆள் என்று கேட்டால், என் பதில் புரூஸ் லீ இல்லை, கிமுராதான். "புரூஸ் லீ நிஜச் சண்டையில் ஜெயிப்பாரா?" என்று யாராவது கேட்டால் போதும், பேச்சு விடிய விடிய ஓடும். 1964இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் குங்ஃபூ வீரர் வாங் ஜாக் மேனோடு அவர் மோதியதற்குப் படப்பதிவு கிடையாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதை வைத்து என்னத்தை முடிவு செய்வது?

1951, ரியோ டி ஜெனிரோ, மரக்கானா அரங்கம். இது வேறு ரகம், ஊரே பார்க்க நடந்த சண்டை. ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, தன்னைவிட எடை குறைந்த பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியின் கையை முதுகுப் பக்கமாக முறுக்குகிறார். மனுஷன் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை! (வைராக்கியமா, வீம்பா?) கடைசியில் கிரேசி தரப்பு ஆட்கள்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு அந்தப் பிடிக்கே கிமுரா என்று பெயர் வந்துவிட்டது.

லீ ரசிகர்களே, திட்டுவதென்றால் கமென்டில் திட்டுங்கள், இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.