எந்த எழினி, எந்த மன்றோ

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன அறை. கலைக்களஞ்சியத்துக்கு வரும் ஆள் கட்டுரைகளைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. வெளியே சொன்னால் "பிழை திருத்துற வேலையா?" என்பார்கள். எழுத்துப்பிழையெல்லாம் டீ வருவதற்குள் முடிந்துவிடும். நாள் முழுக்க இழுப்பது வேறு கேள்வி: இந்தக் கட்டுரைக்குள் இருப்பவர் ஒருவரா, இருவரா?

அவ்வையார் என்ற தலைப்பில் வந்த கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி வாங்குகிறார், தொண்டைமானிடம் தூது போகிறார், அடுத்த பத்தியிலேயே ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடுகிறார். ஒருவரே இவ்வளவும் செய்திருந்தால் ஆயிரம் ஆண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும். நெல்லிக்கனியின் மகிமை என்று விட்டுவிடலாம்தான், ஆனால் கலைக்களஞ்சியம் விடாது.

இந்த மாதிரி இடத்தில் நான் முதலில் ஆண்டைத் தேடுவதில்லை. பழைய ஆட்களுக்கு ஆண்டு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கூட யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். சங்க நூல்களில் அவ்வையார் பெயரில் 59 பாடல்கள் உண்டு, அதில் 33 புறநானூற்றில். அங்கே அவரோடு நிற்பவர்கள் அஞ்சியும் அவன் மகன் பொகுட்டெழினியும் மூவேந்தர்களும். கள் உண்டு, போர் உண்டு, பரிசில் தர நேரமானால் கோபமும் உண்டு. ஆத்திசூடி அவ்வையைச் சுற்றி நிற்பவர்கள் பிள்ளைகளும் பிள்ளையாரும். மொழியும் வேறு, உலகமும் வேறு. ஆகவே இரண்டு தலைப்பு.

விஷயம் கேள்விப்பட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாடியேறி வந்தார். அதியமான்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"ஏம்ப்பா, எங்க அவ்வைய ரெண்டாக்கிட்டீங்களாமே?"

"ரெண்டாக்கலீங்கய்யா. ரெண்டு பேரா இருந்தவங்கள ஒண்ணாக்கி வச்சிருந்தோம்."

"சரி, சுட்ட பழம் வேணுமா சுடாத பழம் வேணுமான்னு முருகன் கேட்டது இதுல எந்த அவ்வைய?"

மடக்குவதற்காகக் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி. அந்தக் கதையை இரண்டு கட்டுரையிலும் சேர்க்க முடியாது. கடைசியில் 'அவ்வையார் (செவிவழிக் கதைகள்)' என்று மூன்றாவதாக ஒரு தலைப்பு போட்டோம். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அதியமான் இன்னும் சிக்கல், ஏனென்றால் அது குடிப்பெயர். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு, 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி என்று பெயரையே சொல்கிறது. அசோகர் கல்வெட்டிலும் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் சத்தியபுத்திரர் வருகிறார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, அஞ்சி அசோகர் காலத்தவன் என்று எழுதி அனுப்பியிருந்தார் ஒருவர். ஜம்பைக் கல்வெட்டின் எழுத்தோ அசோகருக்குப் பிந்தியது. பட்டம் குடிக்கு உரியது. அதைச் சூடியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். போளூர் பக்கம் திருமலையில், சோழர் ஆட்சியின் பிற்பகுதியில், விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அதிகமான், எழினி என்பவன் அமைத்த இயக்கன், இயக்கி (யட்சன், யட்சி) படிமங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்தும் அதே குடிப்பெயர். வெறும் 'அதியமான்' என்று தலைப்பிட்டு வரும் கட்டுரையைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்.

பழங்காலம் என்பதால்தான் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். 1792-ல் திப்புவிடமிருந்து எங்கள் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக இங்கே நில வரித் திட்டம் பார்த்தவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை ஆளுநர். அவரைப் பற்றிய கட்டுரையில், 1780-ல் கும்பெனி அதிகாரி பெய்லியின் படை பொள்ளிலூரில் அழிந்தபின் காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார் என்று ஒரு வரி. அது தளபதி ஹெக்டர் மன்றோ. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுதான் தாமஸ் சென்னைக்கு வந்து, அதே படையில் கடைநிலை அதிகாரியாக இருந்தார். 'மன்றோ அங்கே இருந்தார்' என்பது இருவருக்குமே பொருந்தும்! குளத்தில் தள்ளச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

ராஜகோபாலாச்சாரி விவகாரம் சீக்கிரமே முடிந்தது. 1907 முதல் 1914 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. நம் ஓசூர் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அப்போது சேலத்தில் வக்கீல். இனிஷியலை விழுங்கிவிட்டு எழுதினால் திவான் பதவியும் தொரப்பள்ளிக்கு வந்துவிடும்.

சந்தேகம் வந்தால் பிரித்தே வைப்பது என் கட்சி. பிரித்தது தவறென்றால் நாளைக்கு ஒருவர் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துவிட்டால் பாலில் கலந்த தண்ணீர்தான், எந்தச் செய்தி யாருடையது என்று பிறகு யாராலும் எடுக்க முடியாது. தலைமை ஆசிரியருக்கு இது பிடிக்காது. தலைப்புகள் பெருகினால் பக்கம் பெருகும், பக்கம் பெருகினால் செலவு.

எழினியில்தான் எங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அவ்வை பாடிய பொகுட்டெழினி ஒருவன். தகடூர்ப் போரில் விழுந்த எழினிக்காக அரிசில்கிழார் இரங்கிப் பாடியது புறநானூற்றின் 230-ஆம் பாட்டு. போரில் வென்ற சேரனைப் பாடியவரும் அதே அரிசில்கிழார். விழுந்தவன் அஞ்சியின் மகனேதானா, அந்தக் குடியில் இன்னொருவனா?

"ரெண்டு கட்டுரைக்கும் சேர்த்தே அரைப் பக்கம் வரல. ஒண்ணாப் போட்டுடுங்க" என்றார் தலைமை ஆசிரியர் போனில்.

"அரைப் பக்கம்தான சார், ரெண்டாவே போகட்டும்" என்றேன். 'இவரே அவராகவும் இருக்கலாம்' என்று இரண்டின் அடியிலும் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.