முன் இருக்கையிலிருந்து: தாம்பரம் முதல் ஆய்க்குடி வரை

18 ஜனவரி 2025, சனி, தாம்பரம்

நாளை அதிகாலை 5 மணிக்குப் புறப்படுகிறோம். இருவர் முன்பின்னாக அமர்ந்து ஓட்டும் டேண்டம் மிதிவண்டிகள் மூன்று, கைகளால் மிதிக்கும் கைமிதிவண்டி ஒன்று, ஏழு சாதாரண மிதிவண்டிகள் எனப் பதினான்கு பேர் ஓட்டுகிறோம். பழுது பார்க்கும் கருவிகளும் தண்ணீரும் ஒரு சக்கர நாற்காலியும் ஏற்றிய வேன் ஒன்று பின்னால் வரும். ஏழு நாட்களில் ஏறத்தாழ 600 கி.மீ. கடந்து, தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தில் பயணம் முடியும். உறவினர்களும் உடன் பணிபுரிவோரும் நாங்கள் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று நன்கொடைக்கு வாக்களித்திருக்கிறார்கள். சேரும் தொகை அங்குள்ள குழந்தைகளின் சிகிச்சைப் பயிற்சிக்குச் செல்லும்.

டேண்டத்தில் நான் முன்னவர். என் தோழி பின்னவர். அவர் வங்கி அதிகாரி, என்னைவிட ஐந்து வயது இளையவர், ஒன்பது வயதில் பார்வையை இழந்தவர். அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே தாத்தாவின் சைக்கிளில் அரைப்பெடல் போடக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதால், சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்பவர்களிடம் "மறந்து போகவில்லை" என்றுதான் பதில் சொல்வார்.

இந்த வண்டியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இரு பெடல்களையும் இடப்பக்கம் ஓடும் ஒரு தனிச் சங்கிலி பிணைத்திருப்பதால், ஒருவர் மிதித்தால் மற்றவர் கால்களும் சுழலும், ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நின்றே ஆக வேண்டும். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் கியர் மாற்றுவதும் முன்னவர் கையில். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியின்போது, எதிரே மாடு வந்ததைக் கண்டு நான் சொல்லாமல் மிதிப்பதை நிறுத்தியதில், பின்னால் அவர் கால் பெடலிலிருந்து எகிறிக் கணுக்காலில் அடிபட்டது. அன்றே "மிதி", "விடு", "குழி", "தடை", "கியர்" என ஐந்து சொற்களை வகுத்துக்கொண்டோம். எதைச் செய்யும் முன்பும் உரிய சொல் என் வாயிலிருந்து வந்துவிட வேண்டும்.

19 ஜனவரி, ஞாயிறு, திண்டிவனம்

95 கி.மீ. செங்கல்பட்டைக் கடக்கும்வரை பனி. மதுராந்தகத்தைத் தாண்டியதும் மேல்மருவத்தூருக்கு இருமுடி சுமந்து செல்லும் செவ்வாடைப் பக்தர்களின் பேருந்துகள் வரிசையாக வந்தன. தைப்பூசம்வரை இந்தச் சாலையில் அதுதான் நிலவரம். வடகிழக்குக் காற்று முதுகில் இருந்ததால் மதியத்துக்கு முன்பே ஊர் வந்துவிட்டோம்.

ஓட்டிய களைப்பைவிட விடுதியில் பட்ட பாடுதான் அதிகம். கைமிதிவண்டி ஓட்டும் அண்ணன் இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்தவர். வண்டியை விட்டிறங்கினால் அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும். தொலைபேசியில் பதிவு செய்தபோது சாய்தளம் இருக்கிறது என்றார்கள். அந்தச் சாய்தளம் இருசக்கர வண்டிகளை ஏற்றுவதற்காகக் கட்டியது, ஏறத்தாழச் சறுக்குமரம்போலச் செங்குத்தானது. ஓர் அடி உயர்ந்தால் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது சாய்தளத்துக்கான கணக்கு, 15 செ.மீ. படி ஒன்றுக்கே 180 செ.மீ. நீளம் தேவை. அங்கே மூன்று படிகளின் உயரத்தை நான்கடியில் முடித்திருந்தார்கள். இருவர் பிடித்து ஏற்றினோம். குளியலறைக் கதவின் அகலமோ இரண்டடி, நாற்காலியின் அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதல். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டு வாங்கி, அதன்மேல் மாறி அமர்ந்து, தாமே நகர்த்திக்கொண்டு உள்ளே போனார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஸ்டூலைத்தான் விசாரிப்பாராம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக விரித்ததோடு, பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தக் குளியலறையை எந்த ஆண்டில் கட்டினார்கள் என்று கேட்க நினைத்தேன்; வரவேற்பு மேசையில் இருந்த பையனைக் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

20 ஜனவரி, திங்கள், உளுந்தூர்ப்பேட்டை

75 கி.மீ. விழுப்புரத்துக்குப் பின் இருபுறமும் கரும்பு.

இன்றைய குறிப்பைத் திருத்தத்தோடு தொடங்க வேண்டும். நேற்றிரவு குழுவுக்கு அனுப்பிய செய்தியில், "என் தோழியை ஏற்றிக்கொண்டு 95 கி.மீ. ஓட்டினேன்" என்று எழுதியிருந்தேன். கைபேசியின் திரைவாசிப்பான் அதை வேகமாகப் படித்துக் காட்ட, தோழி காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அக்கா, நான் மூட்டையா? என் முழங்கால் வலிக்கிறதே, அது எதனால்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருவரும் 95 கி.மீ. ஓட்டினோம். மேடுகளில் அவர் என்னைவிட வலுவாக மிதிக்கிறார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

மாலையில் அவரிடமிருந்து இன்னொரு குறையும் வந்தது. நாள் முழுவதும் நான் குழியையும் தடையையும் மட்டுமே சொல்லிக்கொண்டு வருகிறேனாம். "இந்தச் சாலையில் பள்ளங்களைத் தவிர வேறொன்றுமே இல்லையா?" என்றார்.

21 ஜனவரி, செவ்வாய், பெரம்பலூர்

80 கி.மீ., பயணத்தின் மோசமான நாள்.

வேப்பூரில் தேநீருக்காக நின்றோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "அவங்களுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார். பக்கத்திலேயே நிற்பவரைக் கேட்காமல் என்னைக் கேட்பது இந்த மூன்று நாட்களில் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதற்குள், பெஞ்சில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, 20 ரூபாய்த் தாளொன்றை எடுத்துத் தோழியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படும் ஓர் அதிகாரிக்கு! எனக்குக் கோபம் வந்தது. வாங்கக்கூடாது என்று சொல்லப் போனேன். தோழி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றி பாட்டி, ஆய்க்குடிக் குழந்தைகளுக்குச் சேர்த்துவிடுகிறேன்" என்றார். வேனில் இருந்த நன்கொடைக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, "21.01, வேப்பூர், தேநீர்க்கடை, ரூ. 20" என்று என்னை எழுதச் சொன்னார். பாட்டிக்கு ஆய்க்குடி என்றால் எதுவென்று புரிந்ததாகத் தோன்றவில்லை. தலையை மட்டும் தடவிவிட்டுப் போனார்.

தொழுதூரைக் கடந்தபின் மக்காச்சோளம் வந்தது. அறுவடைக் காலமாதலால் அணுகுசாலையின் பாதி அகலத்துக்கு உதிர்த்த சோளத்தைக் காயப்போட்டு, லாரிகள் ஏறாதிருக்க ஓரத்தில் கற்களை அடுக்கியிருந்தார்கள். களம் இல்லாத விவசாயி வேறெங்கே காயவைப்பார்? மணிகளின்மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும் என்று ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் கல். "குழி" என்று நான் கத்தியபோது பின்சக்கரம் அதில் மோதியாகிவிட்டது. டேண்டத்தின் பின்சக்கரம் பெரும் எடை தாங்குவதால் நாற்பது கம்பிகள் போட்டு முடைந்திருப்பார்கள்; அவற்றில் இரண்டு முறிந்தன. முறிந்ததை முதலில் உணர்ந்தவர் தோழிதான். பார்வையற்றவர்களுக்கு மற்ற புலன்கள் கூர்மை என்று வேன் ஓட்டுநர் வியந்தார். "சக்கரத்துக்கு நேர் மேலே நான்தானே உட்கார்ந்திருக்கிறேன், அண்ணா" என்றார் அவர்.

ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று கம்பி மாற்றினோம். "கல்" என்று சொல்லியிருந்தால் எழுந்து நின்றிருப்பேன் என்று தோழி சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன். ஐந்து சொற்கள் ஆறாயின.

22 ஜனவரி, புதன், திருச்சி

60 கி.மீ. மட்டுமே. இன்று குழிகளோடு மற்றவற்றையும் சொல்ல முயன்றேன். பாடாலூர்ப் பக்கம் பருத்திச் செடிகள் வெடித்து நிற்பதைச் சொன்னேன். மின்கம்பியில் கரிக்குருவிகள் ஒரே திசை பார்த்து அமர்ந்திருப்பதைச் சொன்னேன். சமயபுரத்துக்கு மஞ்சள் சேலை கட்டி நடந்து போகும் பெண்களைச் சொன்னேன். வர்ணிப்பது எளிதன்று. பார்ப்பதை எல்லாம் சொல்ல மூச்சு போதாது, எதை விடுவது என்று நானே முடிவு செய்தாக வேண்டும், அதற்குள் அந்தக் காட்சி பின்னால் போய்விடும். "அழகாக இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, எது அழகாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது விழித்தேன்.

கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலங்களில் கடந்தோம். மேட்டூர் அணையை ஜனவரி 28 ஆம் தேதி மூடுவது வழக்கமாதலால், ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. காவிரிப் பாலத்தின் நடுவில் தோழி நிறுத்தச் சொன்னார். அவர் கைப்பிடிச் சுவரைத் தடவியபடி நின்றிருந்தார். நடுவில் மணல் திட்டு, அதில் நாணல், இடப்பக்கம் மட்டும் வேகமான நீர், தொலைவில் மலைக்கோட்டை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மலைக்கோட்டை எவ்வளவு உயரம் தெரிகிறது என்று கேட்டதற்கு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் அளவு என்றேன். அவர் கையை நீட்டித் தம் நகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

23 ஜனவரி, வியாழன், மதுரை

135 கி.மீ. எழுதக் கை வரவில்லை. விராலிமலையில் மயில் அகவியது, துவரங்குறிச்சியில் சாப்பிட்டோம், மேலூரில் இருட்டத் தொடங்கியது. கைமிதிவண்டி தரையோடு தாழ்ந்திருப்பதால் லாரி ஓட்டுநர் கண்ணில் படாது. ஆளுயரக் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருந்தும் இருட்டில் அது போதாது என்பதால், வேன் அவருக்குப் பின்னாலேயே விளக்கைப் போட்டபடி ஊர்ந்து வந்தது. 135 கி.மீ. தூரத்தையும் கைகளால் மிதித்த மனிதர் இரவு பரோட்டாவைப் பிய்க்கத் தெம்பில்லாமல் இட்லி கேட்டார்.

24 ஜனவரி, வெள்ளி, ராஜபாளையம்

85 கி.மீ. திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்காக அரைமணி நேரம் செலவானது குறித்து யாருக்கும் வருத்தமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை இன்று மாலையிலிருந்து எங்களோடு வருகிறது.

ஒரு கல்லூரி மாணவர் பைக்கை மெதுவாக்கி, என்ன பயணம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பு தோழி விளக்கிவிட்டார். அவர் பார்வையற்றவர் என்பது அந்த மாணவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

25 ஜனவரி, சனி, ஆய்க்குடி

70 கி.மீ. சிவகிரி, வாசுதேவநல்லூர், எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி, கடையநல்லூர். வலப்பக்கம் முழுவதும் மலை. அதன் நிறம் மாறுவதை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்: முதலில் சாம்பல், பிறகு நீலம், வெயில் ஏறியதும் மரங்களைத் தனித்தனியே எண்ணலாம்போலப் பச்சை.

அமர் சேவா சங்கத்தின் வரலாற்றை வரும் வழியிலேயே பேசிக்கொண்டிருந்தோம். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக அறிவித்திருந்த 1981 இல், சொந்த ஊரான இங்கே சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் உடன் சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020 இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றில் உதவி பெறுபவர் ஒருபுறம், செய்பவர் மறுபுறம் என்று பிரித்து நிறுத்த இடமில்லை என்றார் அண்ணன்.

வளாகத்தினுள் நுழைந்ததும் அவர்தான் முதலில் மாறுபாட்டைக் கவனித்தார். வேனிலிருந்து நாற்காலியை இறக்கியதும், யாரையும் கூப்பிடாமல், எங்கள் எல்லோருக்கும் முன்னால் சாய்தளத்தில் ஏறி உள்ளே போய்விட்டார். ஏழு நாட்களில் முதன்முறையாக நாங்கள் அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஸ்டூலை அவர் கேட்கவில்லை.

மதியம் கணக்கை ஒப்படைத்தோம். வாக்களிக்கப்பட்ட தொகை, வழியில் சேர்ந்தது, வேன் செலவைத் தனியே எங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்ததற்கான குறிப்பு எல்லாம் சரிபார்க்கப்பட்டன. மொத்தத் தொகைக்கு ஒரே ரசீதாகப் போடலாமா என்று கேட்டார்கள். போடலாம் என்று நான் தலையசைப்பதற்குள், 20 ரூபாய்க்கு மட்டும் தனி ரசீது வேண்டும் என்று தோழி கேட்டார். ரசீது எழுதியவர், கொடுத்தவரின் பெயரைக் கேட்டார். பெயர் தெரியாது என்றோம்.

"பாட்டி, தேநீர்க்கடை, வேப்பூர்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். திரும்பும்போது வேன் அதே சாலை வழியாகத்தான் போகிறது. அந்தக் கடை சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்று தோழி இப்போதுதான் என்னைக் கேட்டார். சென்னையை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் வரும் என்றேன்.